பீரியட்ஸ் நிற்கப்போகும் வயதில் காரணமே இல்லாத அழுகை, கோபம்: உங்களுக்கும் நடந்ததா?

கவுன்ட்டர் அக்கா:
வயது 47, வங்கியில் காசாளர். இரண்டு மாதம் வராது, அப்புறம் ஒரேயடியாகக் கொட்டும். அந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். சொல்ல வந்தது வேறு. பென்ஷன் நாள், நல்ல கூட்டம். ஒரு தாத்தா சலானை நீட்டினார். கையில் வாங்கியதுமே கண்ணில் பொலபொலவென்று கொட்டுகிறது. துக்கம் ஒன்றும் இல்லை, சத்தியமாக. சலானில் மை கரைந்து தொகையே தெரியவில்லை. தாத்தா பதறிப்போய், "ஏம்மா, என் பணம் போயிடுச்சா?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகைதான் நிற்கவில்லை. டாக்டர் ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, "நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்றார். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கவே இல்லை.

தஞ்சாவூர்க்காரி:
எனக்குப் படபடப்பு. விடியற்காலை 3 மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு எழுப்பும், நைட்டி தொப்பலாக நனைந்திருக்கும். இப்போது இல்லை. சகோதரி, காலையில் உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. எள்ளுருண்டை தினமும் ஒன்று. காபியை நிறுத்துங்கள். சாயங்காலம் நடங்கள். மனசை பிஸியாக வைத்துக்கொண்டால் எதுவும் அண்டாது. நம் பாட்டிகள் இதற்கெல்லாம் டாக்டரிடமா ஓடினார்கள்? ஹார்மோன் மாத்திரை பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், கேன்சர் வரும்.

மிக்ஸி ஜார்:
பிஸியா? அவர் பென்ஷன் நாளில் கவுன்ட்டரில் இருந்தவர் அம்மா!
எனக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். "இனிமே மாசாமாசம் தொல்லை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் விளக்கம். கொஞ்ச நாளில், சட்னியில் உப்பு கம்மி என்றான் மகன். ஜாரோடு சுவரில் அடித்தேன். காலண்டர் முருகன் முகமெல்லாம் தேங்காய்ச் சட்னி. மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போனார். ரொம்ப நாள் கழித்துப் போன மனநல மருத்துவர்தான் முதல் கேள்வியாக, "சினைப்பையையும் எடுத்தாங்களா?" என்றார். அதையும் எடுத்தால் ஹார்மோன் ஒரேயடியாக நின்றுவிடுமாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தஞ்சாவூர்க்காரி, களி நல்ல உணவு, சாப்பிடட்டும். கேன்சர் பயம் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கிளம்பியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், பீரியட்ஸ் நின்று 10 வருடத்துக்குள் ஹார்மோன் மாத்திரை ஆரம்பிப்பவர்களுக்குக் கணக்கு வேறு, பொதுவாக ஆபத்தைவிட நன்மை அதிகம். மார்பகப் புற்று, ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள். கவுன்ட்டர் அக்கா, மனசு அதிகம் ஆடுவது முழுசாக நிற்பதற்கு முந்தைய வருடங்களில்தான். பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்க, மூளையில் மனநிலையைச் சீராக வைக்கும் செரோட்டோனினும் தடுமாறும். பிரசவத்துக்கு அப்புறம் மன அழுத்தம் வந்ததா? வந்திருந்தால் இப்போதும் வர வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

தஞ்சாவூர்க்காரி:
நல்லதுக்குத்தான் சொன்னேன். காபி விஷயத்தையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.