1045: பாஸ்வேர்ட் சரி, ஆனா உள்ள விடுதில்லை

நெல்மூட்டை (பரந்தன்): அண்ணையாக்கள், நெல் ஆலை ஒண்டின்ர கணக்கு புரோகிராம். எழுதினது லாரவெலில (பிஎச்பி ஃபிரேம்வேர்க்), டேட்டாபேஸ் மரியாடிபி. நேற்று டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தி, புரோகிராம் அதை வாசிக்கிற டொட் என்வி (.env) ஃபைலிலயும் மாத்தினன். இப்ப டேட்டாபேஸ் 1045 பிழை காட்டுது: அக்சஸ் டினைட், யூசிங் பாஸ்வேர்ட் யெஸ். அதே பாஸ்வேர்டை டேர்மினலில கையால அடிச்சால் உள்ள விடுது. வாசலில லொறி நிக்குது, பில் அடிக்கேலாம கிடக்கு.

குளக்கட்டு: எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசரைப் போட்டு ஓட விடும் தம்பி. லொறி போகட்டும், ஆராய்ச்சி பிறகு.

மாங்குளத்தான்: திறப்பு துலைஞ்சால் கதவைக் கழட்டுறதே? அதோட மரியாடிபி 10.4 இலிருந்து ரூட் வழமையா சொக்கற்றால (ஒரே மெசினுக்குள்ள இருக்கிற இணைப்பு வழி) வாறது, மெசினின்ர ரூட் யூசரெண்டால்தான் விடும், வெப் சேர்வருக்குத் திறக்காது. தம்பி, கொன்பிக் கேச் (அமைப்புகளின்ர சேமிச்ச பிரதி) கிடந்தால் லாரவெல் டொட் என்வியைத் திரும்பியும் பாக்காது. லாரவெலின்ர ஆர்டிசன் கட்டளையால கொன்பிக் க்ளியர் அடியும்.

நெல்மூட்டை: அடிச்சன். அதே 1045.

குளக்கட்டு: பாத்தியளே! டொட் என்வியில லோக்கல்ஹோஸ்டை 127.0.0.1 ஆக்கும். முந்தினது சொக்கற் வழி, பிந்தினது நெட்வேர்க்கில 3306 போர்ட் வழி.

மாங்குளத்தான்: சொக்கற் கிடைக்காட்டி 2002 பிழை எல்லோ வரும். 1045 எண்டால் வாசலுக்குப் போயாச்சு. யெஸ் எண்டது ஏதோ ஒரு பாஸ்வேர்ட் போனது எண்டு மட்டும்தான். தம்பி, பாஸ்வேர்டை இஞ்ச போட்டுடாதையும், அதில என்ன குறி கிடக்கெண்டு சொல்லும்.

நெல்மூட்டை: நடுவில ஒரு ஹாஷ் (#).

மாங்குளத்தான்: அதான்! டொட் என்வியில மேற்கோள் இல்லாட்டி ஹாஷுக்குப் பிறகு வாறதைக் குறிப்பெண்டு வெட்டிப்போடும். அரைப் பாஸ்வேர்ட்தான் போயிருக்கு. ஒற்றை மேற்கோளுக்க வையும்.

நெல்மூட்டை: வேலை செய்யுது!! ஆனா ராவு பேக்கப் எடுக்கேல்லை எண்டு இப்பதான் கண்டன்.

குளக்கட்டு: ஹோம் ஃபோல்டரில டொட் மை சிஎன்எஃப் (.my.cnf) எண்ட ஃபைல் கிடக்கும், பேக்கப் அதைத்தான் வாசிக்கும், அதில பழைய பாஸ்வேர்ட். இதுக்குத்தான் சொல்லுறது, ஒரு பாஸ்வேர்ட் ஒரு ஃபைலில மட்டும் இருக்கோணும். பேக்கப் ஸ்கிரிப்டும் டொட் என்வியை வாசிக்கட்டும்.

மாங்குளத்தான்: இதில பாதி ஒத்துக்கொள்ளுறன். ஆனா பேக்கப்புக்கு வேற யூசர் வேணும். செலக்ட், லொக் டேபிள்ஸ் மாதிரி ரண்டு மூண்டு உரிமை காணும். கணக்கு எழுதிற யூசரை ராவு ஸ்கிரிப்டுக்கும் குடுத்தால், அடுத்த முறை மாத்தேக்க திரும்பவும் இதே கூத்து.

குளக்கட்டு: ஒரு ஆலைக்கு ரண்டு யூசரோ? அங்க கணக்குப்பிள்ளையே ஒராள்தானே.

நெல்மூட்டை: அந்த மை சிஎன்எஃப்பிலயும் ஹாஷ் வெட்டுமோ?

மாங்குளத்தான்: வெட்டும். அங்கயும் மேற்கோள் போடும்.

நெல்மூட்டை: ரண்டு யூசர் போட்டாச்சு. குளக்கட்டு அண்ணை கோவிக்காதேங்கோ. லொறி எப்பவோ போட்டுது, பில்லைக் கையால எழுதிக் குடுத்தவை.