96இலிருந்து 128க்கு, அங்கிருந்து பைலாவுக்கு: ஆட்டம் நிக்காமல் டிஜே பாட்டை மாத்துறது எப்பிடி?

தெஹிவளை_டெக்
வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தைப் பக்கக் கலியாண வரவேற்புகளில கேக்கிற வரிசை பெரும்பாலும் ஒண்டுதான்: 96 பிபிஎம் (நிமிசத்துக்கு 96 அடி) சினிமாப் பாட்டு, பிறகு 128இல ஹவுஸ் (கிளப் ஆட்ட இசை) ரீமிக்ஸ், கடைசியில எங்கட ஊர் ஆட்டப் பாட்டான பைலா. கருவி டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, மென்பொருள் ரெக்கோர்ட்பொக்ஸ். சிங்க் (ரெண்டு பாட்டின்ர வேகத்தையும் ஒண்டாக்கிற பட்டன்) அமத்தினால் ரெண்டில ஒரு பாட்டு பறக்குது, இல்லாட்டி இழுபடுது. கீ லொக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடிக்கிறது) போட்டாலும் குரல் தகரம் மாதிரிக் கேக்குது. பைலாவுக்குக் கிரிட்டே (அடி விழுற இடங்களில மென்பொருள் போடுற கோடுகள்) பொருந்துதில்லை. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை_பீட்ஸ்
முதல்ல கணக்கைப் பாருங்கோ தம்பி. 96ஐ 128 ஆக்கிறதெண்டால் 33 சதவீதம் கூட்டவேணும். எந்தக் கீ லொக்கும் அதைத் தாங்காது. குரல் நடுங்கும், மிருதங்கம் தவில் அடியெல்லாம் மழுங்கிப்போகும். என்ர அளவு 5, 6 சதவீதம். அதுக்குள்ள எண்டால் மெதுவா ஏத்தலாம். கீ லொக் இல்லாமல் 6 சதவீதம் கூட்டினால் சுருதியும் கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிப்போகும், அதையும் கவனியுங்கோ.

ஆனா உங்கட எண்கள் ரெண்டும் நல்லாப் பொருந்தும் சோடி. 96இல மூண்டு பீட் போற நேரத்தில 128இல நாலு பீட் போகும். ரெண்டும் 1.875 செக்கன். அப்ப 96 பாட்டில எக்கோவை (சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கிற எபெக்ட்) முக்கால் பீட்டுக்கு வைச்சால், திரும்பி வாற அடி ஒவ்வொண்டும் 128இன்ர துடிப்பிலயே விழும்.

செய்யிற முறை: பல்லவியின்ர கடைசிச் சொல், இல்லாட்டி ஒரு தனி அடி, அதில எக்கோவைத் திறந்து உடனே சனல் ஃபேடரை (அந்தப் பாட்டின்ர சத்த அளவுக் கட்டை) இறக்குங்கோ. எக்கோ நாலு தரம் அடிக்கிறதைக் காதால எண்ணுங்கோ. ஐஞ்சாவது அடி விழவேண்டிய இடத்தில 128 பாட்டை முதல் கிக்கில (பெரிய ட்ரம் அடி) இருந்து விடுங்கோ. ஹொட் கியூவை (பட்டனை அமத்தினவுடன பாட்டு தொடங்கிற இடத்தின்ர குறி) சரியா அந்தக் கிக்கில போட்டு வைக்கவேணும், அதுக்கு முன்னால இருக்கிற வெறும் இடத்தில இல்லை. சிங்க் நிப்பாட்டியிருக்கவேணும், இல்லாட்டி புதுப்பாட்டு 96க்கு இழுபட்டுப்போகும்.

பாட்டு 97 எண்டால் துடிப்பு 129.3 ஆகும். புதுப்பாட்டை 1 சதவீதம் ஏத்தி விட்டு, ஆட்கள் ஆடத் தொடங்கினாப் பிறகு 128க்கு இறக்குங்கோ.

தெஹிவளை_டெக்
நன்றி அண்ணா. ஃபேடரை இறக்கினவுடன எக்கோவும் சேர்ந்து நிக்குதே?

கொட்டாஞ்சேனை_பீட்ஸ்
அப்ப எபெக்ட் ஃபேடருக்கு முன்னால வேலை செய்யுது. செட்டிங்கில அதைப் ஃபேடருக்குப் பின்னால மாத்தேலுமோ எண்டு பாருங்கோ. மாத்த வழியில்லாட்டி ஃபேடரைத் தொடாமல் எக்கோவைத் திறந்தபடி பாட்டை நிப்பாட்டிப் பாருங்கோ, வால் மிஞ்சும்.

ஆறெட்டு
பைலாவுக்கு வாறன். கிரிட் பொருந்தாததுக்குக் காரணம் அது ஆறெட்டுத் தாளம். ஒவ்வொரு பெரிய அடிக்குள்ளயும் மூண்டு சின்ன அடி. மென்பொருள் நாலு நாலாப் பிரிக்கத்தான் பாக்கும், அதால கால் 128இல ஆடுற பாட்டுக்கு 85, 96, 192 எண்டெல்லாம் காட்டும். எண்ணை நம்பாதேங்கோ. காலால தட்டுங்கோ: 15 செக்கனில 32 தட்டு எண்டால் 128. அந்த எண்ணைக் கையால போட்டு, முதல் பெரிய அடி விழுற இடத்தில கிரிட்டை நிறுத்துங்கோ. டப்பாங்குத்துப் பாட்டுகளில கனக்க ஆறெட்டுத்தான், அதுக்கும் இதே வேலை.

கலக்கிறபோது கிக் ரெண்டும் ஒண்டா விழும், ஆனா ஹவுஸ்ஸின்ர ஹைஹட் (சின்னச் சிஞ்சா அடி) ரெண்டு ரெண்டாப் போகும், பைலா மூண்டு மூண்டாப் போகும். மண்டபத்தில தட்டுமுட்டுச் சாமான் உருளுற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அதுதான். அதால ஹவுஸ்ஸின்ர முடிவில குரல் இல்லாத நாலு பீட் லூப் (அதே துண்டு திரும்பத் திரும்ப ஓடுறது) போட்டு, ஹை, மிட் (மேல், நடுச் சத்தம்) ரெண்டையும் முழுக்க வெட்டுங்கோ. வெறும் கிக் மட்டும் மிஞ்சும். அதுக்கு மேல பைலாவை லோ (அடிச் சத்தம்) வெட்டி விட்டு, எட்டு அடி போனாப் பிறகு லோவை மாத்திப் போடுங்கோ. பைலா 120 எண்டால் அந்த லூப்பிலயே இறக்கலாம், 6 சதவீதம்தான். கிக் மட்டும் இருக்கிறபோது வேகம் குறையிறது பெரிசாத் தெரியாது.

வத்தளை_வினைல்
மேல சொன்னதில ஒண்டு மட்டும் எனக்குச் சம்மதமில்லை. பழைய சினிமாப் பாட்டு, பழைய பைலா எல்லாம் ஆட்கள் சேர்ந்து வாசிச்சுப் பதிஞ்சது. 96இல தொடங்கி 99இல முடியும். ஒரே எண்ணைப் போட்டால் ரெண்டு நிமிசத்தில கிரிட் விலகிப்போகும். அப்பிடிப்பட்ட பாட்டை டைனமிக் முறையில (வேகம் மாறுறதுக்கேத்த மாதிரிக் கிரிட்டும் மாறும்) திரும்ப அனலைஸ் பண்ணுங்கோ. முக்கால் பீட் எக்கோவுக்கும் வெளியேறுற இடத்தின்ர பிபிஎம்தான் வேணும், தொடக்கத்தின்ர இல்லை. பைலாவெண்டால் டைனமிக்கும் பிழையாப் போகும், அதுக்குக் கடைசி எட்டு அடியைக் கையால தட்டிப் பாத்து அந்த எண்ணைக் கொமென்ட் இடத்தில எழுதி வையுங்கோ.