மறுமொழி: ‘நகர்வு’ வேண்டாம், ‘படித்திரிபு’ பாருங்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். இன்ஃபுளுவென்சா வைரஸ் சிறுகச் சிறுக மாறுவதை ஆங்கிலத்தில் ‘டிரிஃப்ட்’ என்றும், திடீரென்று பெரிதாக மாறுவதை ‘ஷிஃப்ட்’ என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் வந்த ஒரு கருத்துக்கு இது மறுமொழி:

> ‘டிரிஃப்ட்’டுக்கு ‘நகர்வு’, ‘ஷிஃப்ட்’டுக்குப் ‘பெயர்ச்சி’. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஈப்போ மருத்துவர் ஐயா சொன்ன இந்த இரண்டையும் துண்டறிக்கையில் போட்டுப் பார்த்தேன். இன்ஃபுளுவென்சா பற்றி செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்காக எழுதுவது. வரைவைப் படித்த ஒரு தாயார், “கிருமி எங்கே நகர்கிறது ஐயா, எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கமா?” என்றார். ‘பெயர்ச்சி’யைப் பார்த்ததும் அவர் கணவருக்குச் சனிப்பெயர்ச்சி நினைவு வந்து சிரித்துவிட்டார். விண்மீன்களின் ஆதிக்கத்தால் நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கையில் பிறந்ததுதான் இன்ஃபுளுவென்சா என்ற இத்தாலியச் சொல். அந்த வகையில் பெயர்ச்சி பொருத்தமே. அந்தப் பொருத்தம்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: போன வருடம் போட்ட ஊசி இந்த வருடம் ஏன் போதாது? ஊசி தந்த எதிர்ப்பாற்றல் நாளடைவில் குறைவது ஒரு காரணம். மற்றதற்குத்தான் சொல் தேடுகிறோம். வைரஸ் நம் உயிரணுவுக்குள் புகுந்து தன்னைப் படியெடுக்கிறது. அந்தப் படிக்கு மெய்ப்புப் பார்க்க ஆளில்லை. ஏடு பெயர்த்து எழுதியவர் கையில் ளகரம் லகரமானதுபோல, இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகப் பிசகுகள் சேர்கின்றன. மேற்புறப் புரதங்களில் அவை கூடிக்கொண்டே போனால், பழைய ஊசியில் பழகிய நம் உடலுக்கு ஆளை அடையாளம் தெரிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் தடுப்பூசிக்கான வகைகளை மறுபடி தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

ஆகவே ‘டிரிஃப்ட்’டுக்குப் ‘படித்திரிபு’. படி என்றால் நகல். ‘படிப்படியாக’ என்பதும் உள்ளே ஒலிக்கிறது. ‘ஒமிக்ரான் திரிபு’ என்று எழுதி நாளிதழ்கள் திரிபைப் பழக்கியும்விட்டன.

பினாங்கு அக்கா தந்த ‘சிறுதிரிபு, பெருந்திரிபு’ காதுக்கு இனிமை. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு அளவில் மட்டும் இல்லையே, அக்கா? இந்த வைரஸின் மரபுப்பொருள் 8 துண்டுகளாக இருக்கிறது. இருவேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் சந்தித்தால் துண்டுகள் இடம்மாறிப் புதிய வைரஸ் பிறக்கலாம். 1957-இலும் 1968-இலும் உலகெங்கும் பரவியவை அப்படிப் பறவை வைரஸின் துண்டுகள் மனித வைரஸோடு கலந்து வந்தவை. இந்த ‘ஷிஃப்ட்’டைக் ‘கலப்புத்திரிபு’ என்பேன்.

நோயின் பெயரை இன்ஃபுளுவென்சா என்றே விட்டிருக்கிறேன். ‘சளிக்காய்ச்சல்’ என்றால், மலாயில் ‘செலெசெமா’ என்பதுபோல, சாதாரணச் சளியும் அதில் சேர்ந்துகொள்கிறது.

துண்டறிக்கையின் மறுபக்கத்தில் கலைச்சொல்லே இல்லை: முழங்கை மடிப்பில் இருமுங்கள், சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், காய்ச்சல் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தால்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். நோய்க்குறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றலாம் என்ற வரியைத்தான் நான்கு முறை மாற்றி எழுதினேன்.

இலக்கணம் அறிந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: ‘படியில் திரிபு’ என்று விரித்து ஒற்று மிகுத்திருக்கிறேன், சரிதானே? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.