மைக் பிடிப்பவர்களுக்கு மாதம் எவ்வளவு? ராமநாதபுரம் கரையிலிருந்து அனுபவங்கள்

ராம்நாடு ரேடியோ ரசிகன்:

நம் கரையில் ரேடியோ, டிவி வேலைக்கு யார் வருகிறார்கள், என்ன கிடைக்கிறது, யார் நிலைக்கிறார்கள் என்பதை நேரில் பட்டவர்கள் எழுதட்டும் என்றுதான் இந்த இழை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. தொண்டியிலும் ஏர்வாடியிலும் பி.எச். அப்துல் ஹமீது மாதிரிப் பேசிப் பார்க்காத பையன்கள் எங்கள் காலத்தில் குறைவு. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு டிவி கோபுரம் நிற்கிறது, நாட்டிலேயே உயரமான டிவி கோபுரம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது. இத்தனை இருந்தும், மாப்பிள்ளை மீடியாவில் இருக்கிறார் என்று பெண் கேட்டுப் போனால் அடுத்த கேள்வி, "சரி, வருமானத்துக்கு என்ன பண்றார்?"

யார் பெயரும் வேண்டாம், சேனல் பெயரும் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

பாம்பன் பாலத்தான்:

தாலுகா நிருபர் என்று ஊருக்குள் பெயர். சேனல் கணக்கில் நான் ஸ்டிரிங்கர். மாதச் சம்பளம் கிடையாது, ஸ்டோரிக்கு 300 ரூபாய். அதுவும் விஷுவலோடு, அதாவது நாங்கள் எடுத்த வீடியோவோடு ஓடினால்தான். திரையின் கீழே எழுத்தாக ஓடும் ஸ்க்ரோலில் போய்விட்டால் காசு இல்லை. மீனவர் சிறைபிடிப்பு மாதிரி செய்தியெல்லாம் முதலில் ஸ்க்ரோலில்தான் ஓடும். விஷுவல் போய்ச் சேர்வதற்குள் சென்னையில் வேறொரு பிரேக்கிங் வந்திருக்கும்.

நெடுந்தீவு பக்கம் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று மீனவர் சங்கத்திலிருந்து ராத்திரி போன் வரும். விடிவதற்குள் ஜெட்டிக்குப் போக வேண்டும். தப்பி வந்த படகுகளில் வலையைக்கூட இறக்காமல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிடிபட்டவரின் வீட்டுக்காரம்மா கைக்குழந்தையோடு நிற்பார். நாங்கள் நாலைந்து பேர். ஒருவர் போனில் படம் எடுப்பார், இன்னொருவர் எல்லாச் சேனல் லோகோவையும் இரண்டு கையிலும் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். அந்த அம்மா ஒரு முறைதான் அழ வேண்டும், அதையே எல்லாரும் வாட்ஸ்அப்பில் வாங்கி அவரவர் சேனலுக்கு அனுப்பிவிடுவோம். சேனலின் செய்தி டெஸ்க்கில் இதற்குத் திட்டு விழும். தனியாக எடு என்பார்கள். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போய்வர ஆளுக்கு ஆள் பெட்ரோல் போட்டால் அந்த 300-இல் என்ன மிஞ்சும் என்று டெஸ்க்கில் யாரும் கேட்டதில்லை.

விசைப்படகில் போகிறவனுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. டீசல், ஐஸ் செலவைக் கழித்து மிச்சத்தில் பங்கு. மீன் பாடு இல்லாத நாளிலும் படகில் சோறு உண்டு. எங்களுக்குப் பெட்ரோலும் எங்கள் கைக்காசு, சோறும் எங்கள் கைக்காசு. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதல்வர் அறிவித்தபோது நானும் கேமராவோடு நின்றேன். அந்தச் செய்திக்கும் 300 தான். படகு கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதம் எங்களுக்கும் செய்தி பாதியாகக் குறைந்துவிடும். அதற்கு நிவாரணம் கேட்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்புறம் எப்படித்தான் நிலைக்கிறீர்கள் என்பீர்கள். எங்கள் கூட்டத்தைப் பாருங்கள். ஒருவருக்கு லாட்ஜ். ஒருவருக்கு அக்னி தீர்த்தம் போகும் வழியில் சங்குக் கடை. ஒருவருக்குத் தம்பி துபாயில். என் வீட்டில் மனைவி டீச்சர், சம்பளம் அவருக்கு, ஐடி கார்டு எனக்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்கள். மாமன் மச்சான் கடை வைத்திருந்தால் விளம்பரம் வரும், கமிஷனும் வரும். ஓலைக்குடா மீனவர் வீட்டுப் பையன் யாரிடம் போய் விளம்பரம் கேட்பான்? மீனவர் செய்திதான் எங்கள் பிழைப்பே. ஆனால் எங்கள் கூட்டத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை இன்றைக்கு ஒருவர்கூட இல்லை. ஒருவன் இருந்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆடாமல் எடுப்பான். கல்யாணம் முடிந்து முதல் குழந்தை பிறந்ததும் மறுபடி படகுக்கே போய்விட்டான். டிவிக்கு தாலுகா நிருபராக ஒரு பெண்ணை இந்தத் தீவில் நான் பார்த்ததே இல்லை.

2015 ஜூலை 30, கலாம் ஐயா அடக்கம். பேய்க்கரும்பில் சாலை நெடுக நேரலைக்கான ஓ.பி. வேன்கள். சென்னையிலிருந்து சீனியர்கள் வந்து இறங்கினார்கள். வழி காட்டுவது, சார்ஜ் போட வீடு பிடிப்பது, சாப்பாட்டுக்கு ஏற்பாடு, எல்லாம் நான்தான். மாதக் கடைசியில் கணக்கு வந்தது. முழுநாளும் லைவ் என்பதால் அது ஒரே ஸ்டோரியாம்.

அன்றைக்கு மதியம் பந்தல் ஓரத்தில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது, வேறொரு சேனலின் பெண் நிருபர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?" சொன்னேன். சிரித்துவிட்டு அவர் கதையைச் சொன்னார். அவருக்குப் பிறகு சேர்ந்த பையன் அவரைவிட 5,000 கூட வாங்குகிறான். எப்படித் தெரியும் என்றால், லோனுக்காக எடுத்த பே ஸ்லிப்பை அவன் பிரிண்டரிலேயே விட்டுப் போய்விட்டான். மேலே கேட்டதற்கு, "அவன் நைட் ஷிப்ட் பார்க்கிறான்மா" என்றார்களாம். "எனக்கும் நைட் ஷிப்ட் போடுங்கன்னு போன வருஷம் எழுதிக் கொடுத்தேன்ணே. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு சொன்னவரும் அவரேதான்." சொல்லி முடித்து, கை கழுவி, லைவுக்குப் போய் நின்றுவிட்டார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

சும்மா ஒருத்தன்:

கட்டுப்படி ஆகலைன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே அண்ணே? டிவியில் முகம் தெரியணும்னு ஆசை, அதான் விடமாட்டேங்கிறீங்க.

பாம்பன் பாலத்தான்:

முகம் சென்னை ஆளுக்குத் தம்பி. எங்கள் முகம் எங்கே தெரிகிறது? விஷுவல் போகும், குரலை அங்கே வேறு ஆள் கொடுப்பார். விடாததற்குக் காரணம் வேறு. கலெக்டர் ஆபீஸிலும் ஸ்டேஷனிலும் நாற்காலி போடுவார்கள். லாட்ஜ்காரருக்கு அதுவே பெரிய வருமானம். எனக்கு அந்த ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தங்கச்சிமடத்துக்காரி:

நான் டிவி இல்லை. வெளியூரில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரித்தேன். சமுதாய வானொலிக்கு 100 வாட்ஸ் அளவுக்குத்தான் அனுமதி, சுற்று வட்டாரத்தில் சில கிலோமீட்டர் கேட்கும், அவ்வளவுதான். எங்கள் நிலையத்தில் எழுதுவது, பேசுவது, ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்வது எல்லாம் பெண்கள். வெளியிலிருந்து பார்க்க வருபவர்கள் "அடடா, முழுக்கப் பெண்கள் நடத்தும் வானொலி" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே கதை வேறு. எங்களுக்குத் தந்தது மதிப்பூதியம். அந்தக் காசுக்கு ஆண்கள் வரமாட்டார்கள், அதனால் பெண்கள். டெக்னீஷியனும் மேனேஜரும் ஆண்கள், அவர்களுக்கு மட்டும் சம்பளம். மதிப்பு எங்களுக்கு, ஊதியம் அவர்களுக்கு என்று ஸ்டூடியோவுக்குள் சொல்லிச் சிரிப்போம். மைக் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

2024-இல் மத்திய அரசு சமுதாய வானொலி விதிகளைத் திருத்தியது. ஆலோசனைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிடம் ஆனது. 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த விளம்பரக் கட்டணம் 74 ஆனது. நல்லதுதான். ஆனால் அரசு விளம்பரம் வந்தால்தானே அந்த 74? தெருமுனை ஜவுளிக் கடைக்காரர் "பாப்பா, ஒரு மாசத்துக்கு மொத்தமா ஆயிரம் ரூபா வச்சுக்க" என்பார். குழுவில் பெண்கள் எண்ணிக்கை கூடட்டும். மாதச் சம்பளப் பட்டியலில் எத்தனை பெண்கள் என்று எந்த விதியும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பதிவு செய்ய ரெக்கார்டரோடு பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போனேன். கையில் துணி சுற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்த ஓர் அம்மாவை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன். நன்றாகத்தான் பேசினார். பாறை அறுத்த விரலைக் காட்டினார், கடலுக்குள் முங்கும்போது மூச்சை எப்படிப் பிடிப்பது என்று சொன்னார். பாதியில் நிறுத்தி, "இதுக்குக் காசு உண்டா தாயி? பாசிக்குப் போனா கிலோவுக்கு இவ்வளவுன்னு கிடைக்கும். உன்கிட்ட பேசி நேரம் போச்சே" என்றார். எனக்கே காசு இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் கூறு கெட்டவளுகதான்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் பேசினார். அந்த நிகழ்ச்சி அங்கே மூன்று முறை மறுஒலிபரப்பானது.

மண்டபம் கேபிள்:

நம்ம கதை சின்னது. நான் கேபிள் லைன்மேன். உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும், வருஷம் பூரா மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புயல் கூண்டு ஏற்றினால் ஊரே கதவைச் சாத்தும், நான் கம்பத்தில் நிற்பேன். ஏனென்றால் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் செய்தி பார்க்க வேண்டும். சம்பளம் முதலாளி வசூலைப் பொறுத்து. இப்போது பாதி வீடு போனிலேயே பார்க்கிறது, வசூலும் பாதி. உள்ளூர்ச் சேனல் ஒன்று வைத்திருந்தோம், அதில் கோயில் திருவிழாவுக்குப் பேசின ரெண்டு பையன்களில் ஒருத்தன் இப்போது கல்யாண வீடியோ, ஒருத்தன் டெலிவரி.

ராம்நாடு ரேடியோ ரசிகன்:

பாலத்தான் சொன்ன பே ஸ்லிப் விஷயத்துக்கு ஒரு துணைச் செய்தி. 2017 ஏப்ரல் வரை பிபிசி தமிழோசையை ரேடியோவில் கேட்டவன் நான். அதே வருஷம் ஜூலையில் பிபிசி, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கும் தன் முகங்களின் சம்பளப் பட்டியலை வெளியிட வேண்டி வந்தது. உச்சியில் முழுக்க ஆண்கள். சீனாவிலிருந்து செய்தி தந்த ஆசிரியர் கேரி கிரேசி, சம்பள வித்தியாசத்தைக் கண்டித்து 2018 ஜனவரியில் அந்தப் பதவியை விட்டார். நிகழ்ச்சித் தொகுப்பாளர் சமீரா அகமது வழக்குப் போட்டார். அவருக்கு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு, அதே மாதிரி நிகழ்ச்சி நடத்திய ஆணுக்கு 3,000 பவுண்டு. 2020 ஜனவரியில் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அங்கே ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. பட்டியல் வெளியே வந்தது, அதனால் சண்டை போட முடிந்தது. இங்கே பிரிண்டரில் யாராவது காகிதத்தை மறந்தால்தான் உண்டு.

சட்டமும் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் முதலில் வந்தது. 1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த மஜிதியா ஊதியக் குழு, இரண்டிலும் டிவிக்காரர் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்னணு ஊடகத்தில் உழைப்பவரும் பத்திரிகையாளர் என்றே வருகிறார். நியமனக் கடிதமும் கட்டாயம். பாலத்தான், இதைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாமே?

பாம்பன் பாலத்தான்:

கேட்டேன் அண்ணே. "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, செய்தி சப்ளையர்" என்று பதில் வந்தது. சப்ளையருக்கு எதற்கு லோகோ போட்ட மைக்கைக் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை, கேட்டால் மைக்கைத் திருப்பிக் கேட்பார்கள்.

விஸ்காம் இரண்டாம் வருஷம்:

ராமநாதபுரத்தில் படிக்கிறேன். இதையெல்லாம் வாசித்தபின் டிவி ஆசை கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆகாசவாணியில் பகுதி நேர அறிவிப்பாளர் எப்படி? வீட்டில் ரேடியோ என்றால் சரி என்கிறார்கள்.

கீழக்கரை லாத்தா:

எங்கள் வீட்டிலும் அதே கதைதான் தங்கச்சி. வாப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "குரல்தானே போகுது, ஆள் தெரியாதுல்ல? போ." டிவி என்றால் வாசற்படி தாண்டியிருக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ரேடியோவில் இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், கலை ஆர்வமெல்லாம் அப்புறம்.

வேலை அருமையான வேலை. ஒலியைக் கூட்டும் ஃபேடரை ஏற்றி, நேரம் சொல்லி, முதல் பாட்டை விடும்போது வருகிற அந்தக் கிறக்கம் எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு வா. மாதத்துக்கு ஆறு டியூட்டிதான். காசு டியூட்டிக்கு இவ்வளவு என்றுதான், மாதச் சம்பளம் இல்லை. பி.எஃப்., பேறுகால விடுப்பு எதுவும் கிடையாது. நான் குழந்தை பெற்ற வருஷம் வருமானம் இல்லை, திரும்பப் போனபோது டியூட்டி பட்டியலில் பெயர் இருந்ததே பெரிது என்று இருந்தது. காலை ஒலிபரப்பு என்றால் ஆறு மணிக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். கீழக்கரையிலிருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் கொண்டுபோய்ச் சேர்க்காது. முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிடுவேன். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மீதியை வைத்து வீடு நடத்த முடியாது. எங்கள் செட்டில் இருப்பவர்கள் பள்ளி ஆசிரியர்கள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள், ஆராய்ச்சி மாணவர்கள், என்னைப் போல மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் பெண்கள். இந்த வேலையை மட்டும் நம்பி இருந்த ஒரு தம்பி நல்ல அறிவிப்பாளர். இப்போது மதுரையில் துணிக்கடை வாசலில் மைக் பிடிக்கிறார். அங்கே தினமும் சம்பளமாம்.

ஆள் எடுக்கும் அறிவிப்பை நிலையமே ஒலிபரப்பில் சொல்லும், காதைத் திறந்து வை. எழுத்துத் தேர்வு, அப்புறம் குரல் தேர்வு, தேறினால் 'வாணி' என்கிற அறிவிப்பாளர் பயிற்சி. தினமும் பேப்பரில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்து கேள். நம் பக்கம் மழையை 'மளை' என்போம், அங்கே அது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். கிடைத்ததும் அவசரப்பட்டு அங்கே அறை எடுத்துவிடாதே, ஆறு டியூட்டி காசு வாடகைக்கே காணாது. தங்க இடம் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. நிலையத்துக்குப் பக்கத்தில்தான் என் மூத்த லாத்தா வீடு. இரவு எட்டு மணிக்குள் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.