மொஹாவி ரோடு, ஐந்து வண்டிகள்: மழைக்குப் பிறகு சோடா ஏரியில் இறங்கலாமா?

கேள்வி:
வணக்கம். கலிபோர்னியாவின் பாலைவன மண்பாதையான மொஹாவி ரோட்டைக் கிழக்கிலிருந்து மேற்காக மூன்று நாளில் ஓட்டப் போகிறோம். சுமார் 220 கிலோமீட்டர். பதினோரு பேர், அதில் மூன்று குழந்தைகள். இரண்டு டகோமா, ஒரு ஃபோர்ரன்னர், ஒரு ராங்லர், அப்புறம் தரைக்கு நெருக்கமாக உட்காரும் ஒரு கிராஸ்ஓவர். கிளம்ப இன்னும் ஒன்பது நாள்தான். பாதை சோடா ஏரியின் குறுக்கே போகிறது. பெரும்பாலும் தண்ணீரில்லாமல் வறண்டு கிடக்கும் ஏரி அது. போன வாரம் அங்கே நல்ல மழை. ஏரி வெள்ளையாகக் காய்ந்து கிடப்பதாகப் பார்த்தவர் ஒருவர் சொல்கிறார், இறங்கவே இறங்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? கிராஸ்ஓவர் தாங்குமா? பெட்ரோல் எவ்வளவு வேண்டும்? ஏரி நடுவே இருக்கும் பயணிகள் கற்குவியலில் வைப்பதற்கு என் மகள் ஒரு கல்லை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

பதில் 1:
இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த வெள்ளை, உப்பு படிந்த மேல்தோல் மட்டும்தான். மொஹாவி ஆறு வந்து முடிகிற இடம் அது. மேலே காய்ந்த பிறகும் அடியில் களிமண் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, தடத்திலேயே ஐம்பது அடி நடந்து போய்க் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். மேல்தோல் உடைந்து, கறுத்த சேறு செருப்பில் அப்பிக்கொண்டு வந்தால் திரும்பிவிடுங்கள். சுற்றிப் போகலாம் என்று தடத்தை விட்டு விலகாதீர்கள். அதற்கு அனுமதியும் இல்லை, புதைவதும் அங்கேதான். என் நண்பர் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது, இழுத்து வெளியே கொண்டுவர ஆயிரக்கணக்கில் டாலர் ஆனது.

மாற்று வழி சுலபம். கெல்பேக்கர் சாலை குறுக்கே வரும் இடத்தில் வடக்கே திரும்பினால் பேக்கர் ஊர். பெட்ரோலும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். இந்த முடிவை வீட்டிலேயே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று ஒருவர் ஆரம்பித்தால், அங்கே நின்றுகொண்டு மறுத்துப் பேசுவது கஷ்டம்.

பதில் 2:
கிராஸ்ஓவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சார். பதினோரு பேருக்கு நான்கு வண்டி போதும், சாமானைக் குறைத்தால் சரியாகிவிடும். மணலை எப்படியோ தாண்டினாலும், ஏரிக்கு மேற்கே ஆஃப்டன் பள்ளத்தாக்கில் மொஹாவி ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் சில சமயம் கணுக்கால் அளவு, சில சமயம் பானெட்டைத் தொடும். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இடம் பள்ளத்தாக்கின் கடைசியில் வருகிறது. அங்கே வந்து திரும்ப நேர்ந்தால் மணலிலேயே நெடுந்தூரம் பின்னால் போக வேண்டும். பேக்கர் வழியாகச் சுற்றினால் இதிலும் ஒரு லாபம் உண்டு. 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆஃப்டன் ரோடு பிரிவில் இறங்கி, முகாம் இடத்திலிருந்தே நடந்து போய் ஆழத்தைக் கம்பால் அளந்து பார்த்துவிடலாம்.

பாதையில் பெட்ரோல் பங்க் கிடையாது. கிளம்பும் இடத்துக்கு அருகே உள்ள நீடில்ஸ் ஊரில் டேங்கை நிரப்புங்கள், வண்டிக்கு ஒரு கேன் கூடுதலாக இருக்கட்டும். மணலில் மைலேஜ் பாதியாகக்கூட இறங்கும். குடிநீர் ஆளுக்கு, நாளுக்கு நான்கு லிட்டர். மொஹாவி பழங்குடி மக்கள் ஊற்றிலிருந்து ஊற்றுக்கு நடந்து உண்டாக்கிய வழி இது. 1776-இல் கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாரை அவர்கள்தான் இதில் கூட்டிப் போனார்கள். பையூட், ராக், மார்ல், சோடா என்று ஊற்றுகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அவற்றை நம்பிக் குடிக்காதீர்கள். முகாமையும் ஊற்றை விட்டுத் தள்ளிப் போடுங்கள். இரவில் விலங்குகள் தண்ணீருக்கு வரும்.

பதில் 3:
மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐக்குக் குறையுங்கள். திரும்ப ஏற்ற கம்ப்ரஸர் அவசியம். வண்டிகளுக்கு இடையே பேச வாக்கிடாக்கி ஜிஎம்ஆர்எஸ் (அமெரிக்காவில் பொதுமக்களுக்கான ஒரு ரேடியோ சேவை) என்றால் லைசென்ஸ் வேண்டும். 35 டாலர், பத்து வருடம், தேர்வு கிடையாது. கிழக்கிலிருந்து போகும்போது வழிகாட்டும் கற்குவியல்கள் வலப்பக்கம் வரும். பின்னால் வரும் வண்டி கண்ணில் படாமல் எந்தத் திருப்பத்திலும் திரும்பாதீர்கள், எங்கள் குழு பிரிந்துபோனது அப்படித்தான்.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு வண்டியில் போனோம். மார்ல் ஊற்றுக்கு மேற்கே, பயணிகள் பெயர் எழுதும் பதிவேடு வைத்திருக்கும் தபால் பெட்டியில் குழந்தைகளே கையெழுத்துப் போட்டார்கள். ஏரிக்கரையில் குதிகாலை மிதித்தேன், மூன்றாவது மிதியில் செருப்பே உள்ளே போய்விட்டது. யாரும் எதுவும் பேசவில்லை, நேராகப் பேக்கருக்குத் திரும்பினோம். ஆஃப்டனில் தண்ணீர் என் தொடை வரை இருந்தது. அதையும் விட்டுவிட்டோம். கல் மகளிடமே இருக்கிறது. நவம்பரில் அந்த மேற்குப் பகுதிக்கு மட்டும் மறுபடி போகிறோம்.