ஸ்டோன் என்றால் எந்தக் கல்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மழைக்கோட்டு:
அம்மா இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்த இரண்டாவது வாரமே வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம் என்று ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்தப் பேச்சில் அம்மாவுக்குப் புரிந்தது 'ஸ்டோன்' மட்டும்தான். ஸ்கேனுக்கு முன்னால் எடை பார்த்த வயதான நர்ஸம்மா கிலோவில் குறித்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்கிற மாதிரி "நைன் ஸ்டோன் டூ, லவ்லி!" என்றார். இங்கே உடம்பு எடையைச் சொல்கிற பழைய அளவு ஸ்டோன்; ஒன்பது ஸ்டோன், இரண்டு பவுண்டு எடை. 58 கிலோ, அவ்வளவுதான். அம்மா மெஷினை விட்டு இறங்கவே இல்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "ஒன்பதாடி? அந்த ரெண்டு என்ன, சந்தேகக் கேஸா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். விளக்குவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஸ்கேன் முடிகிறவரை ஒன்பது கல்லோடு படுத்திருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பேரீச்சை:
இங்கே பாக்கெட்டில் 'ஸ்டோன்ட் டேட்ஸ்' என்று போட்டிருப்பார்களே, கொட்டையோடு இருப்பது என்று நினைத்து மூன்று மாதம் தொடவே இல்லை. பக்கத்திலிருந்த 'பிட்டட்' பாக்கெட்டைத்தான் கூடுதல் விலைக்கு வாங்கினேன். ஒருநாள் பில் போடும் பெண் இரண்டையும் தூக்கிக் காட்டி, "இரண்டிலும் கொட்டை எடுத்தாச்சு" என்றாள். பின்னால் வரிசையே நின்றது. ஸ்டோன்ட் என்றால் போதையில் இருப்பது என்றும் பொருள்; என் வீட்டுக்காரர் அதைப் போதை ஏறிய பேரீச்சை என்று நினைத்தாராம்.

தராசு:
மழைக்கோட்டு, இதில் ஆங்கிலேயரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாத்தாவின் மளிகைக் கடையில் இரும்பில் செய்ததற்கும் எடைக்கல் என்றுதான் பெயர். இங்கிலாந்திலும் அதே கதை, எடைக்கல்தான் ஸ்டோன். ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு ஸ்டோன் மாறியது. லண்டனில் இறைச்சிக்கு 8 பவுண்டு. 1835 சட்டம்தான் 14 பவுண்டு என்று நிலைநிறுத்தியது. 1985 சட்டத்துக்குப் பிறகு வியாபாரத்தில் கிடையாது, உடம்பு எடைக்கு மட்டும் வாயில் மிச்சமிருக்கிறது.

மழைக்கோட்டு:
நான் யாரையும் குறை சொல்லவில்லையே.

மூக்குத்தி:
தராசு, கல்லை நிறுப்பதைப் பற்றி என்னிடம் கேளுங்கள். அட்டிகையை வாங்கும்போது சிவப்புக் கல்லையும் சேர்த்துத் தங்க விலை போட்டார்கள். விற்கப் போனால் அதே கடையில் "ஸ்டோன் வெயிட் கழிக்கணும்மா" என்று 6 கிராம் கழித்தார்கள். பெயர்த்த கற்களைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார் பாருங்கள், அந்தப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

தண்ணீர்ப்பானை:
எனக்குச் சிறுநீரகக் கல். வந்தது, போனது. மழைக்கோட்டு, அம்மாவுக்குச் சொல்லுங்கள்: சிறுநீர் வெளுத்துப் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்கவும். எலுமிச்சைச் சாறு நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் சேராமல் தடுக்கும். கால்சியம் என்று பயந்து பால், தயிரை நிறுத்திவிடாதீர்கள். உணவிலுள்ள, கல்லாகச் சேரக்கூடிய ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொள்வது அந்தக் கால்சியம்தான். ஆக்சலேட் அதிகமுள்ள பசலைக்கீரையை அளவோடு சாப்பிடலாம். வாழைத்தண்டு உங்கள் இஷ்டம். ஆனால் பித்தப்பைக் கல் வேறு சங்கதி, பெரும்பாலும் கொழுப்பு, தண்ணீருக்கெல்லாம் கரையாது. எத்தனை மில்லிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு:
ஸ்கேனில் ஒரு கல்லும் இல்லைங்க. வாயு. ஊரில் கேட்டால் மட்டும் ஒன்பது என்கிறாள்.