1860 விக்டோரியா பென்னி: அரிய செம்புக் காசா? இன்னும் இரண்டு காசுகளும் இருக்கின்றன, உதவி தேவை

கேட்டவர்: கரையோரன்

வணக்கம். எங்கள் அப்பம்மாவின் பெட்டகத்தைத் துப்புரவு செய்தபோது ஒரு துணி முடிச்சில் மூன்று பழைய காசுகள் கிடைத்தன. ஊர் யாழ்ப்பாணம். 1860 பென்னி ஒன்று, 1853 பென்னி ஒன்று, 1844 என்று போட்ட மிகச் சிறிய காசு ஒன்று. 1860 செம்புப் பென்னிக்குப் பெரிய விலை போகிறது என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர் சொல்கிறார். என்னுடையது அதுதானா? 1853 காசை மட்டும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன், பளிச்சென்று வந்தது. மற்ற இரண்டையும் தேய்க்கலாமா?

செப்புக்காதலன்:

தம்பி, முதலில் புளியைத் தூர வையுங்கள். குத்துவிளக்குக்குப் புளி நல்லது, காசுக்கு அது நஞ்சு. நூற்றைம்பது வருடம் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் சேகரிப்பவர் தேடுவது. தேய்த்த காசு இளஞ்சிவப்பாக, உயிரில்லாமல் தெரியும். அந்த நிறத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சரி, 1860. அந்த வருடம்தான் பிரிட்டன் செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியது, அதனால்தான் அந்த வருடச் செம்புப் பென்னி அரிது. பழைய செம்புப் பென்னி 34 மி.மீ. அகலம், 18.8 கிராம். புது வெண்கலப் பென்னி 30.8 மி.மீ., 9.4 கிராம், ஏறக்குறைய பாதி எடை. நகைக்கடைத் தராசில் ஒருமுறை போட்டால் தெரிந்துவிடும். தராசு இல்லையென்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரிட்டானியாவின் (பிரிட்டனின் அடையாளமாகத் திரிசூலத்தோடு அமர்ந்திருக்கும் பெண் உருவம்) ஒரு பக்கம் கலங்கரை விளக்கமும் மறுபக்கம் கப்பலும் இருந்தால் வெண்கலம். செம்புக் காசில் இரண்டும் கிடையாது. அதில் வருடமும் அரசியின் தலைக்குக் கீழே இருக்கும்.

கரையோரன்:

9.3 கிராம். கலங்கரை விளக்கம் இருக்கிறது, வருடம் பிரிட்டானியாவுக்குக் கீழே. அப்போ வெண்கலம்தான் போல. உறவினரிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

செப்புக்காதலன்:

வெண்கலம்தான். ஆனால் உடனே மூடி வைக்காதீர்கள். 1860 வெண்கலத்தில் முதலில் விளிம்பைச் சுற்றி மணி மணியான புள்ளிகள் வந்தன, பிறகு அதே வருடம் பல்வரிசை போன்ற கோடுகளாக மாற்றினார்கள். ஒரு பக்கம் மணி, மறுபக்கம் பல் என்று அச்சுகள் கலந்துபோன காசுகள்தான் அரிது. லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள்.

கரையோரன்:

இரண்டு பக்கமும் பல்தான்.

செப்புக்காதலன்:

அப்படியானால் சாதாரண வகை. பத்திரமாக வையுங்கள், விலையை நம்பி இருக்க வேண்டாம். 1853ம் நிறைய அடித்த வருடம். அதில் பிரிட்டானியா பிடித்திருக்கும் திரிசூலத்தின் முனை அலங்காரமாக இருக்கிறதா வெறுமையாக இருக்கிறதா என்று வகை பிரிப்பார்கள். தேய்த்த பிறகு அதில் பெரிய வித்தியாசம் வராது.

கொழும்புத்துறையான்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் அந்தச் சின்னக் காசை மறந்துவிட்டீர்கள். அது அரை ஃபார்திங். ஃபார்திங் என்பது கால் பென்னி, ஆக இது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. இந்தக் காசை முதன்முதலில் 1828ல் அடித்ததே இலங்கைக்காகத்தான். பிரிட்டனில் 1842ல்தான் செல்லுபடியாக்கினார்கள். யாழ்ப்பாணத்துப் பெட்டகத்தில் கிடைத்தது என்று படித்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. அது அங்கே புழங்கிய காசாகவே இருக்கலாம்.

1844ல் 60 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள், அதனால் வருடத்துக்காக விலை வராது. ஆனால் அதே வருடத்தில் ஓர் அரிய பிழை உண்டு. தலைப்பக்கத்தில் 'ரெஜினா' (REGINA, லத்தீனில் அரசி) என்ற சொல்லைப் பாருங்கள். அதன் இரண்டாவது எழுத்தான 'ஈ'யை (E), தவறாகக் குத்திய 'என்' (N) எழுத்தின் மேல் திரும்பக் குத்திய அச்சு ஒன்று இருந்தது.

கரையோரன்:

அண்ணா, அந்த எழுத்துக்குள் சாய்வாக ஒரு கோடு தெரிகிற மாதிரி இருக்கிறது. கீறலோ என்றும் சந்தேகம்.

கொழும்புத்துறையான்:

கீறல் என்றால் உலோகத்துக்குள் பள்ளமாக இறங்கும், அச்சிலிருந்து வந்தது மேடாக நிற்கும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். சாய்கோடு இடது மேலிருந்து வலது கீழே போக வேண்டும். அதோடு 'என்'னின் வலது கால் 'ஈ'யின் கைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் நம்பலாம்.

கரையோரன்:

இப்போதுதான் பார்த்தேன். கோடு மேடாகத்தான் நிற்கிறது. மேல் கைக்கும் நடுக் கைக்கும் இடையில், வலது ஓரத்தில் ஒரு சின்னத் தூண் மாதிரித் தெரிகிறது. கை நடுங்குகிறது அண்ணா. என்ன விலை சொல்லலாம்?

கொழும்புத்துறையான்:

இப்போது விலை சொல்லாதீர்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏலத்தில் இதே பிழையுள்ள காசு, இதே தேய்மானத்தில், முடிவாக எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள். அரசியின் தலைமுடி இழைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதை வைத்து விலை பல மடங்கு மாறும். படம் எடுக்கும்போது முழுக் காசு ஒன்று, அந்த எழுத்து மட்டும் நெருக்கத்தில் ஒன்று. 1844 அரை ஃபார்திங் என்று மட்டும் எழுதிப் போட்டால் சாதாரண விலைக்குப் போய்விடும், பிழையையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரை மென்மையாக வளையும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சை பிடிக்கும். காகித உறை போதும். அப்புறம், அந்தத் துணி முடிச்சையும் எறிந்துவிடாதீர்கள் தம்பி.